எட்ட இருப்பவரை நடத்தும் முறை

முதலாளி எதிரில் நின்றால்தான் வேலை நடக்கும் என்பது நம்மிடையே நெடுங்காலமாக வேரூன்றிவிட்ட எண்ணம். தோட்டத்தில் கங்காணி, கட்டட வேலையில் மேஸ்திரி, அலுவலகத்தில் மேலாளர் என்று யாரேனும் ஒருவருடைய கண்பார்வையில்தான் உழைப்பு நடைபெற வேண்டும் என்று நாம் பழகிவிட்டோம். 2020 மார்ச்சில் வந்த ஊரடங்கு இந்தப் பழக்கத்தை ஒரே வாரத்தில் அசைத்துவிட்டது. அலுவலகங்கள் பூட்டப்பட்டன, ஆனால் வேலை நிற்கவில்லை. கணினியும் இணைய இணைப்பும் உள்ள இடமெல்லாம் அலுவலகம் ஆயிற்று. மேலாளர் ஓர் ஊரில், பணியாளர் பத்து ஊர்களில் என்ற நிலை உலகெங்கும் உண்டாயிற்று.

நோய் தணிந்த பிறகு நிலைமை மீண்டும் மாறியது. டி.சி.எஸ். நிறுவனம் 2025ஆம் ஆண்டுக்குள் தன் பணியாளர்களில் 25 விழுக்காட்டினர் மட்டுமே அலுவலகத்தில் இருந்தால் போதும் என்று 2020இல் அறிவித்தது. அதே நிறுவனம் 2023இல் வாரத்தில் ஐந்து நாளும் அலுவலகத்துக்கு வரச் சொன்னது. வேறு சில நிறுவனங்கள் பாதி நாள் வீடு, பாதி நாள் அலுவலகம் என்று நடுவழியைத் தேர்ந்தன. ஆக, இது இன்னும் முடிவுபெறாத வழக்கு. இவ்வழக்கில் நம் கல்லூரி மாணவர்களுக்கும் பங்கு உண்டு என்பதாலேயே இதைப் பற்றி எழுதத் துணிந்தேன்.

திருத்தணியிலிருந்து சென்னை எண்பது கிலோமீட்டருக்கு மேல். இங்கு பட்டம் பெற்று அங்கு வேலைக்குச் செல்லும் ஓர் இளைஞன் விடியுமுன் வீட்டைவிட்டுப் புறப்படுகிறான். இரவு வெகுநேரம் கழித்து வீடு திரும்புகிறான். ஒரு நாளில் நான்கு மணி நேரத்துக்கும் மேல் அவனுக்கு ரயிலிலேயே கழிகிறது. இந்தப் பயணம் ஆண்பிள்ளைக்கே கடினம். பெண்பிள்ளையாயின் பல வீடுகளில், "இவ்வளவு தூரம் போய் வேலை செய்ய வேண்டுமா?" என்ற கேள்வியோடு பேச்சு முடிந்துவிடுகிறது. வணிகவியல் கற்பிக்கும் எனக்கு, நன்றாகத் தேறிய மாணவியர் தூரம் என்ற ஒரே காரணத்தால் வீட்டோடு நின்றுவிடுவதைக் காணும்போது மனம் வருந்துகிறது. வீட்டிலிருந்தே பணி என்பது இவர்களுக்கு வசதி மட்டுமல்ல, வாழ்க்கையின் வாயில். அந்த வாயில் திறந்திருப்பதும் மூடப்படுவதும், எட்ட இருக்கும் பணியாளரை நடத்தத் தெரிந்த மேலாளர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

என் கருத்தைச் சுருங்கச் சொல்லிவிடுகிறேன். எட்ட இருப்பவரை நடத்தும் மேலாளர், வேலையின் அளவிலும் தரத்திலும் கண்டிப்பாக இருக்க வேண்டும். அந்த வேலையைச் செய்யும் நேரத்திலும் முறையிலும் ஒவ்வொருவர் நிலைக்கும் ஏற்ப இசைந்து கொடுக்க வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். என்ன வேலை வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்வதில்லை. ஆனால் காலை ஒன்பது மணிக்குக் கணினி திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

தறி கற்பிக்கும் பாடம்

வீட்டிலிருந்து பணி என்பது ஏதோ அமெரிக்காவில் பிறந்த புதுமை என்று எண்ண வேண்டாம். அங்கே ஜாக் நில்ஸ் என்பவர் 1973இல் அதற்கு ஒரு பெயர் சூட்டினார், அவ்வளவுதான். நம் திருத்தணியைச் சுற்றியுள்ள அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை, ஆர்.கே.பேட்டை, பள்ளிப்பட்டு முதலிய ஊர்களில் தெருவில் நடந்தாலே தறியின் ஓசை காதில் விழும். அங்கே வீடுதான் தொழிற்கூடம். முதலாளியிடமிருந்து நூல் வீட்டுக்கு வருகிறது. துணியாகித் திரும்பிச் செல்கிறது. நெய்பவர் வீட்டிலும் நெய்விப்பவர் வேறிடத்திலும் இருந்து நடத்தும் தொழில் இது.

அங்கே மேற்பார்வை எப்படி நடக்கிறது? நெய்பவர் எத்தனை மணிக்குத் தறியில் உட்கார்ந்தார், நடுவில் எத்தனை முறை எழுந்தார் என்று யாரும் எண்ணுவதில்லை. எத்தனை இழை, எந்தச் சாயம், எவ்வளவு அகலம், எந்தத் தேதி என்பதெல்லாம் நூல் கொடுக்கும்போதே பேசப்பட்டுவிடுகின்றன. துணி வந்ததும் விரித்துப் பார்க்கிறார்கள். குறை இருந்தால் அந்தத் துணியைக் காட்டியே பேசுகிறார்கள். நெய்பவர் விடியற்காலையில் நெய்யலாம், இரவில் நெய்யலாம். வீட்டில் விசேஷம் என்றால் ஒரு நாள் நிறுத்தி மறுநாள் ஈடுகட்டலாம். வேலையின் அளவுகோல் துணியே அன்றி ஓசையன்று.

ஆனால் இதே தறி நமக்கு ஓர் எச்சரிக்கையும் தருகிறது. வீடே தொழிற்கூடமாகும்போது கதவடைக்கும் நேரம் என்று ஒன்று இல்லாமற் போகிறது. தார் சுற்றும் மூதாட்டியின் உழைப்பும், சமைத்துக்கொண்டே நூல் இழுக்கும் மனைவியின் உழைப்பும் கணக்கில் வருவதில்லை. கூலிக்கு நெய்பவருக்கு நோய் வந்தால் அன்று வருமானமும் இல்லை. இந்தக் குறைகளைக் களையவே கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றின. 1935இல் கோ-ஆப்டெக்ஸ் உருவானதும் இந்த வழியில்தான். ஆகவே, வீட்டிலிருந்து வேலை என்றாலே அது பணியாளருக்கு நன்மை என்று சொல்லிவிட முடியாது. நன்மையாக அதை ஆக்க வேண்டும். அதற்கு முறை வேண்டும்.

தந்திக் கம்பியின் இரு முனைகள்

முறை என்று சொல்லும்போது எனக்கு ரயில்வேயின் நினைவு வருகிறது. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. அன்று முதல் நிலைய அதிகாரிகள் ஒருவரையொருவர் பாராமலே ஒன்றாகப் பணிபுரிந்து வருகிறார்கள். அடுத்த நிலையத்தின் அதிகாரி "லைன் கிளியர்" கொடுத்தால்தான் இங்கிருந்து வண்டி புறப்படும் என்பது பழைய முறை. முக்கியமான உறுதிமொழியைத் தொலைபேசியில் கொடுக்கும்போது பிரைவேட் நம்பர் எனப்படும் இரகசிய எண் ஒன்றையும் சொல்ல வேண்டும். அதை இரு பக்கமும் பதிவேட்டில் நேரத்தோடு எழுதிக்கொள்ள வேண்டும். இவர் அவரைக் கண்ணால் பார்ப்பதில்லை. ஆயினும் ஆயிரக்கணக்கான பயணிகளின் உயிரை நம்பி ஒப்படைக்கிறார்.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது? நல்லெண்ணத்தால் மட்டும் வந்ததன்று. எந்தச் சொல்லுக்கு என்ன பொருள், எதை எழுதிவைக்க வேண்டும், பதில் வராவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பவை முன்கூட்டியே வகுக்கப்பட்டிருப்பதால் வந்தது. எட்ட இருந்து பணி நடத்தும் மேலாளருக்கு இதுவே முதற்பாடம். அலுவலகத்தில் பாதி செய்தி தேநீர்க் கடையில் பரவிவிடுகிறது. எதிர் மேசைக்காரரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். எட்ட இருப்பவருக்கு அந்த வாய்ப்பில்லை. ஆகையால் முடிவுகள் எழுத்தில் இருக்க வேண்டும். அவ்வெழுத்து எல்லாரும் பார்க்கும் ஓரிடத்தில் இருக்க வேண்டும். யார், எதை, எந்த நாளுக்குள் என்ற மூன்றும் இல்லாத கட்டளை கட்டளையே ஆகாது. "கொஞ்சம் சீக்கிரம் பார்த்து முடித்துவிடுங்கள்" என்று மாலை ஆறு மணிக்கு ஒரு செய்தி அனுப்பினால், பெறுபவர் இரவெல்லாம் விழித்திருக்க வேண்டுமா, நாளை மறுநாள் முடித்தால் போதுமா என்று எப்படி அறிவார்?

பார்ப்பதும் அறிவதும்

தெளிவாகச் சொல்லத் தெரியாத இடத்தில் கண்காணிப்பு வந்து புகுந்துகொள்கிறது. என் முன்னாள் மாணவி ஒருத்தி வீட்டிலிருந்தபடி ஒரு நிறுவனத்துக்குக் கணக்கு வேலை செய்தாள். அவள் கணினியில் ஒரு மென்பொருளைப் பொருத்தியிருந்தார்கள். அது சில நிமிடங்களுக்கு ஒரு முறை திரையைப் படம் பிடிக்கும். விசைகளை எத்தனை முறை தட்டினாள் என்று எண்ணும். ஒரு பற்றுச்சீட்டில் தவறு இருக்கிறதா என்று பத்து நிமிடம் யோசித்தால், அந்தப் பத்து நிமிடமும் 'வேலையற்ற நேரம்' என்று குறிக்கப்படும். "யோசிக்கும்போதும் மவுஸை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது, சார்" என்றாள். யோசிப்பதைத் தண்டித்து, ஆட்டுவதைப் பாராட்டும் ஏற்பாடு எந்தத் தொழிலுக்கு நன்மை செய்யும்? அந்த மென்பொருளுக்குத் தெரிந்த எதுவும் அவள் மேலாளருக்குப் பயன்படவில்லை. அவருக்குத் தெரிந்திருக்க வேண்டியது வேறு: அவள் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, மாலை மூன்று மணி முதல் ஐந்து மணி வரை அதைப் பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லை, அந்த இரண்டு மணி நேரத்தைக் காலை ஆறு மணிக்கு மாற்றிக்கொண்டால் கணக்கு ஒரு நாளும் தாமதப்படாது. இதை அவர் ஒரு முறையும் கேட்கவில்லை. ஒருவரைப் பார்த்துக்கொண்டே இருப்பதற்கும் அவரை அறிந்திருப்பதற்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

ஒவ்வொருவருக்கும் ஒரு நிலை

நம் ஊர்ப் பக்கத்தையே எடுத்துக்கொள்வோம். திருத்தணி, நகரி, புத்தூர் ஆகிய ஊர்களில் உள்ள ஆறு பேரைக் கொண்டு ஒரு குழு அமைப்பதாகக் கற்பனை செய்யுங்கள். 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி தமிழகத்தோடு இணைந்தபோது நிலத்தில் எல்லை வகுக்கப்பட்டது. வீடுகளுக்குள் இன்றும் தமிழும் தெலுங்கும் கலந்தே ஒலிக்கின்றன. இக்குழுவில் மூவருக்கு யுகாதிக்கு விடுமுறை வேண்டும். மூவருக்குச் சித்திரை முதல் நாள் வேண்டும். ஆடிக் கிருத்திகைக்குக் காவடிக் கூட்டம் ஊரை நிறைக்கும்போது மலையடிவாரத்தில் வீடுள்ளவர் வெளியே கிளம்புவதே கடினம். கத்திரி வெயிலில் மாநிலத்தின் மிக வெப்பமான ஊர்களின் வரிசையில் திருத்தணி அடிக்கடி இடம்பெறுகிறது. தகரக் கூரையின் கீழ் நண்பகலில் கணினியோடு உட்கார்ந்திருப்பவரின் நிலையைச் சென்னையில் குளிரூட்டிய அறையில் இருக்கும் மேலாளர் தாமாக அறிய முடியாது.

இன்னும் ஒருவர் பார்வைக் குறைபாடு உடையவராக இருக்கலாம். திரையிலுள்ள எழுத்தைப் படித்துச் சொல்லும் மென்பொருளின் உதவியால் அவர் எவரோடும் சமமாக வேலை செய்வார். ஆனால் தாளைப் படம் பிடித்து அனுப்பினால் அம்மென்பொருளால் பெரும்பாலும் படிக்க முடிவதில்லை. தட்டச்சு செய்து அனுப்பினால் படித்துவிடும். அனுப்புபவருக்கு ஐந்து நிமிட வேலை; பெறுபவருக்கு அதுவே வேலை உண்டு, இல்லை என்பதன் வேறுபாடு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், இத்தகைய நியாயமான ஏற்பாட்டைச் செய்து தருதல் கருணையன்று, கடமை என்ற கொள்கையை வகுத்தது. அவ்வாறே மகப்பேறு உதவிச் சட்டத்தில் 2017இல் செய்யப்பட்ட திருத்தம், பேறுகால விடுப்பை 26 வாரமாக உயர்த்தியதோடு, வேலையின் தன்மை இடந்தருமாயின் விடுப்புக்குப் பின் வீட்டிலிருந்து பணிபுரிய இருதரப்பும் பேசி முடிவு செய்துகொள்ளலாம் என்றும் வழி காட்டியது. ஊரடங்குக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே நம் சட்டம் இதை எண்ணிப் பார்த்தது என்பது குறிப்பிடத்தக்கது.

2020-21இல் இணையவழியில் வகுப்பு நடத்தியபோது நான் கண்டதையும் இங்குச் சொல்ல வேண்டும். ஒரே கைப்பேசியை மூன்று உடன்பிறந்தோர் பங்கிட்டுக்கொண்ட வீடுகள் இருந்தன. தந்தை வேலை முடிந்து வந்த பிறகுதான் சிலருக்குக் கைப்பேசியே கிடைத்தது. காலை பத்து மணி வகுப்பில் இல்லாதவன் சோம்பேறி என்று முடிவு கட்டியிருந்தால், நன்கு படிக்கும் பலரை இழந்திருப்போம். பாடத்தைப் பதிவு செய்து அனுப்பி, ஒப்படைப்புக்கு மட்டும் நாள் குறித்தோம். தமிழக அரசு 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை அரசு, அரசு உதவிபெறும் கல்லூரி மாணவர்களுக்கு நாளொன்றுக்கு 2 ஜி.பி. தரவு அட்டையை இலவசமாக வழங்கியதும் பெருந்துணையாயிற்று. கருவியும் இணைப்பும் கொடாமல் வேலையை மட்டும் கேட்பது முறையாகாது என்பதை அந்நாட்கள் உணர்த்தின. நிறுவனங்களும் இணையக் கட்டணத்தையும், மின்தடைக்கு இன்வெர்ட்டர் வாங்கும் செலவில் ஒரு பங்கையும் ஏற்பதே நியாயம்.

சலுகையா, ஏற்பாடா?

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழும். "ஒருவருக்கு ஒரு நேரம், மற்றொருவருக்கு வேறு நேரம் என்றால் அது ஓரவஞ்சனை ஆகாதா? நாளைக்கு எல்லாரும் காரணம் சொல்லத் தொடங்கினால் வேலை என்னாவது?" என்று கேட்பர். இது ஒதுக்கத் தக்க கேள்வியன்று. மேலாளருக்கு வேண்டியவர் என்பதால் ஒருவருக்கு மட்டும் இரகசியமாக இடங்கொடுத்தால் அது சலுகை. குழுவின் நல்லுறவை அது அரித்துவிடும். எவ்வகை மாற்றங்கள் சாத்தியம் என்று எழுதி எல்லாரிடமும் கொடுத்து, தேவைப்படுபவர் எவரும் கேட்கலாம் என்று வைத்தால் அது ஏற்பாடு. ஏற்பாட்டுக்கு நிபந்தனை உண்டு: ஒப்புக்கொண்ட வேலை குறையக் கூடாது, எல்லாரும் ஒருங்கே பேசுவதற்கென ஒரு நாளில் ஒன்றிரண்டு மணி நேரம் பொதுவாக இருக்க வேண்டும், மூன்று மாதத்துக்கொரு முறை அதை மறுபரிசீலனை செய்ய வேண்டும். தறியின் மொழியில் சொன்னால், பாவு எல்லாருக்கும் ஒன்றே. ஊடையின் நிறம் மாறலாம். பாவு தளர்ந்தால் துணியில்லை என்பதையும் மறக்கலாகாது.

மேலும், தேவையைக் கேட்கலாமே தவிர அந்தரங்கத்தைத் துருவக் கூடாது. "உங்களுக்கு என்ன மாற்றம் உதவும்?" என்பது மேலாளர் கேட்கத் தக்க கேள்வி. "உங்கள் வீட்டில் என்ன பிரச்சினை?" என்பது அவர் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டிய செய்தி. பதினைந்து நாட்களுக்கு ஒரு முறை ஒவ்வொருவரிடமும் தனியே அரைமணி பேசினாலே பெரும்பாலான சிக்கல்கள் முளையிலேயே தெரிந்துவிடும். அப்பேச்சில் வேலையின் கணக்கை மட்டும் கேட்டு முடிக்காமல், எது தடையாக இருக்கிறது என்றும் கேட்க வேண்டும்.

தனிமை என்ற குறை

எல்லாருக்கும் வீடே சிறந்த இடம் என்றும் நான் சொல்ல வரவில்லை. சீனாவின் பெரும் பயண நிறுவனம் ஒன்றின் தொலைபேசி மையத்தில் ஏறத்தாழ 250 பணியாளர்களைக் கொண்டு நிக்கலஸ் புளூம் முதலியோர் நடத்திய ஆய்வு 2015இல் வெளியாயிற்று. ஒன்பது மாதம் வீட்டிலிருந்து உழைத்தவர்களின் வேலை 13 விழுக்காடு உயர்ந்தது. ஆனால் ஆய்வு முடிந்து, விருப்பம்போல் செய்யலாம் என்றபோது வீட்டிலிருந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் அலுவலகத்துக்கே திரும்பினர். தனிமை அவர்களை வாட்டியிருந்தது. அன்றியும், ஒத்த திறமை இருந்தும் வீட்டிலிருந்தவர்களுக்குப் பதவி உயர்வு குறைவாகவே கிட்டியது. மேலதிகாரியின் கண்ணில் படாதவர் அவர் நினைவிலும் படவில்லை போலும்.

அதே நிறுவனத்தில் 1,612 பேரைக் கொண்டு பின்னர் நடத்திய ஆய்வு 2024இல் வெளிவந்தது. வாரத்தில் இரண்டு நாள் மட்டும் வீட்டிலிருந்து பணிபுரிய விட்டபோது வேலையின் தரம் குறையவில்லை. வேலையைவிட்டு விலகுவோர் மூன்றில் ஒரு பங்கு குறைந்தனர். பெண்களிடமும் நெடுந்தூரம் பயணம் செய்வோரிடமும் இந்தப் பயன் தெளிவாகத் தெரிந்தது. திருத்தணியிலிருந்து நாள்தோறும் சென்னைக்கு ரயிலேறுபவர்களுக்கு இந்தச் செய்தி நன்றாகவே புரியும். ஆக, எது நல்லது என்பதை ஆள் பார்த்தும் பணி பார்த்தும் முடிவு செய்ய வேண்டும். கல்லூரியை விட்டு நேற்று வந்த இளைஞனுக்கு அருகிருந்து கற்பிக்க ஒருவர் வேண்டும். பத்தாண்டு அனுபவமுள்ளவருக்கு இடையூறில்லாத அமைதி வேண்டும். பதவி உயர்வை முடிவு செய்யும் நாளில், செய்த வேலையின் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு முடிவு செய்வது எட்ட இருப்போருக்குச் செய்யும் முதல் நீதியாகும்.

இதற்கு இடைப்பட்ட வழியொன்றை நம் மாநிலத்திலேயே காண்கிறோம். ஸ்ரீதர் வேம்பு முதலியோர் 1996இல் தொடங்கி, இன்று ஸோஹோ எனப் பெயர் பெற்றுள்ள நிறுவனம், 2011இல் தென்காசிப் பகுதியில் ஓர் அலுவலகத்தைத் திறந்தது. பின்னர் அவரே அங்குள்ள மத்தளம்பாறைக்குக் குடியேறி அங்கிருந்தபடியே நிறுவனத்தை நடத்தினார். தனித்தனி வீடுகளில் ஒதுங்காமலும், பெருநகரத்துக்கு இடம்பெயராமலும், சிற்றூரிலேயே சிலர் கூடி வேலை செய்யும் ஏற்பாடு இது. தென்காசியால் முடிவது திருத்தணியால் முடியாதா? ரயிலும் சாலையும் இணையமும் படித்த பிள்ளைகளும் இங்கும் உண்டு.

வேலை முடியும் நேரத்தையும் வரையறுக்க வேண்டும். பிரான்சு நாட்டில் 2017 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், பணிநேரம் முடிந்தபின் அலுவலகச் செய்திகளுக்குப் பதில் சொல்லாதிருக்கும் உரிமையைப் பற்றி 50 பேருக்கு மேற்பட்ட நிறுவனங்கள் பணியாளரோடு பேச வேண்டும் என்று விதித்தது. தறி வீட்டில் இல்லாத கதவை அச்சட்டம் பொருத்தப் பார்த்தது எனலாம். சட்டம் வரும்வரை காத்திராமல் ஒவ்வொரு மேலாளரும் தம் குழுவுக்கு அந்தக் கதவைப் பொருத்தலாம். அதற்கு முதல்வழி, இரவில் தாமே செய்தி அனுப்பாதிருத்தல்.

மாணவ நண்பர்களே, உங்களில் பலர் இன்னும் சில ஆண்டுகளில் எங்கோ இருக்கும் ஒருவருக்குக் கீழ் வேலை செய்வீர்கள். அதற்கடுத்த சில ஆண்டுகளில் எங்கோ இருக்கும் பத்துப் பேருக்கு மேலாளராவீர்கள். பணியாளராக இருக்கும்போது ஒப்புக்கொண்ட நாளில் ஒப்புக்கொண்டதைக் கொடுங்கள். இயலாதெனில் முன்கூட்டியே சொல்லுங்கள். உங்கள் தேவையைத் தயங்காமல் கேளுங்கள். மேலாளராகும்போது வேலையை எழுத்தில் தெளிவாக்குங்கள். துணியைப் பாருங்கள், தறியின் ஓசையை எண்ணாதீர்கள். ஆளுக்கு ஆள் என்ன வேண்டும் என்று கேட்டறியுங்கள். அவ்வாறு நடத்துவோர் பெருகினால், தூரத்தைக் காரணம் காட்டி வீட்டோடு நிறுத்தப்பட்ட நம் பெண்பிள்ளைகளுக்கும் தாம் கற்ற கல்வியின் பயன் கிட்டும்.